எங்கள் வீட்டுக் கறிக்குழம்பு இளைத்த கதை

ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த வீட்டில் என்ன சமையல் என்று எங்கள் உடுமலைப்பேட்டையில் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பத்து மணி சுமாருக்குத் தெருவில் ஒரு நடை போய் வந்தால் மூக்கே சொல்லிவிடும். ஒரு வீட்டில் மல்லி வறுபடும். அடுத்த வீட்டில் சின்ன வெங்காயம் வதங்கும். கோடி வீட்டில் தேங்காய் அரைத்து ஊற்றி ஒரு கொதி வந்தே முடிந்திருக்கும்!

எங்கள் கொங்குச் சீமைக் கறிக்குழம்பில் மசாலாச் சாமான் கொஞ்சம்தான். பட்டை, கிராம்பு எல்லாம் பேருக்கு. மல்லி, சின்ன வெங்காயம், தேங்காய் இந்த மூன்றும்தான் அங்கே ராஜாங்கம் நடத்தும். இறக்கி வைத்தபின் மேலே எண்ணெய் விரற்கடை மிதக்க வேண்டும். மிதக்காவிட்டால், "கொழம்பு கும்முனு இல்லையே அம்மிணி" என்று பெரியவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். அந்த எண்ணெயைப் பார்த்துத்தான் வீட்டின் வசதியையும், மருமகளின் கைராசியையும் அளப்பது வழக்கம்.

அப்படிப்பட்ட குழம்பை இளைக்க வைத்த கதையைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

போன வருஷம் ஆடி மாசத்தில் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய் அடைப்பைச் சரி செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எங்களை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். எண்ணெய், தேங்காய், ஆட்டுக்கொழுப்பு, உப்பு இந்த நான்கையும் குறைக்க வேண்டும். ஆட்டுக்கறி அறவே கூடாது என்பதில்லை. மாசம் ஒன்றிரண்டு தடவை, கொழுப்பில்லாத துண்டாக, அளவோடு சாப்பிடலாம். தினமும் நடக்க வேண்டும். மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது. கடைசியாக ஒன்று சொன்னார்: "உங்க பையனுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிடுங்க. அப்பாவுக்கு வந்தா பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம்."

வீட்டுக்கு வந்தோம். உறவுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். பழம் கொண்டு வந்தவர்கள் கூடவே ஆளுக்கொரு யோசனையும் கொண்டு வந்தார்கள். எல்லா யோசனையும் ஒரே இடத்தில் போய் முடிந்தது: "அவருக்குத் தனியா வெச்சுக் குடுத்துடு." எங்கள் அத்தையும் (என் மாமியாரைத்தான் சொல்கிறேன்) அதையே சொன்னார்கள். ஆக, வீட்டில் இரண்டு சட்டி ஆயிற்று. ஒரு சட்டியில் எங்களுக்கு வழக்கமான குழம்பு. இன்னொரு சட்டியில் அவருக்கு வெந்த காயும் கோதுமை ரவைக் கஞ்சியும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் மனுஷர் தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஆசாரத்துப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். இங்கே அடுக்களையில் குழம்பு வாசனை. அங்கே அவர் கஞ்சியைக் கலக்கிக்கொண்டிருப்பார். ஐப்பசிக்குள் அவர் பேச்சே பாதியாகக் குறைந்துவிட்டது. ஒரு நாள் மெதுவாகச் சொன்னார்: "இங்க பாரு, எனக்குக் கறி திங்கோணும்னு ஆசையில்லை. எல்லாரும் ஒண்ணா உக்காந்து ஒரே சட்டியில சாப்பிடோணும். அவ்வளவுதான்."

அந்த வாரம்தான் பையனுடைய ரத்தப் பரிசோதனைத் தாளும் வந்தது. முப்பது வயசு. திருப்பூரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. கொலஸ்ட்ரால் கோட்டைத் தாண்டி நிற்கிறது! நோயாளிக்கென்று ஒரு சட்டி, நல்லாயிருக்கிறவர்களுக்கென்று ஒரு சட்டி என்று பிரித்தோமே, இப்போது பையன் எந்தச் சட்டி? யோசித்துப் பார்த்தால், இன்றைக்கு நல்லாயிருப்பவர்கள் நாளைக்கும் நல்லாயிருக்க வேண்டுமானால் அவர்கள் சட்டியும்தானே மாற வேண்டும்?

சரி, மாற்றுவது எப்படி? இந்த இடத்தில் எனக்கு வழி காட்டியது ஏழு கடல் தாண்டியிருக்கும் ஒரு குழம்பு என்றால் நம்புவீர்களா?

என் பெண் கல்யாணமாகி பிரான்ஸ் தேசத்தில் துலூஸ் என்கிற ஊரில் இருக்கிறாள். ஆகாய விமானம் கட்டுகிற ஊர். மாப்பிள்ளைக்கு அங்கே உத்தியோகம். அவளிடம் போனில் இந்த இரண்டு சட்டிக் கதையைச் சொன்னபோது, "அம்மா, இங்கேயும் இதே கூத்துத்தான்" என்று சிரித்தாள். அந்தப் பக்கத்தில் கசூலே என்று ஒரு பாரம்பரியக் குழம்பு உண்டாம். வெள்ளை பீன்ஸ் கொட்டையை ராத்திரியே ஊறப் போட்டு, வாத்துக்கறி, பன்றிக்கறி, துலூஸ் ஊர் சாஸேஜ் எல்லாம் சேர்த்து, 'கசோல்' என்கிற மண்சட்டியில் மணிக்கணக்காக அடுப்பில் வேக விடுவார்கள். சட்டியின் பெயர்தான் குழம்புக்கும் வந்தது. மேலே ஏடு கட்டக் கட்ட அதைக் கரண்டியால் உடைத்து உள்ளே அமுக்க வேண்டும். ஏழு தடவை உடைக்க வேண்டும் என்று சாஸ்திரம் வேறு! கஸ்தெல்நோதாரி, கர்கசோன், துலூஸ் என்று மூன்று ஊர்க்காரர்கள், "எங்களுடையதுதான் அசல்" என்று சண்டை போட்டுக்கொள்கிறார்களாம். கர்கசோன்காரர்கள் அதில் ஆட்டுக்கறியும் சேர்ப்பதுண்டாம்.

அதில் போடுகிற வாத்துக்கறி சாதாரணமாக வேக வைத்தது அல்ல. அதன் கொழுப்பிலேயே மெதுவாக வேக வைத்து, அந்தக் கொழுப்புக்குள்ளேயே மூழ்க வைத்துச் சாடியில் மூடி வைத்தது. ஃபிரிஜ் இல்லாத காலத்தில் குளிர்காலம் முழுக்கக் கெடாமலிருக்கக் கண்டுபிடித்த வழி. நம் வீடுகளில் கறித்துண்டுக்கு உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோர்த்து, வெயிலில் உப்புக்கண்டம் போட்டு வைத்தார்களே, அதே காரணம்தான். அவர்களுக்கு வெயில் இல்லை, கொழுப்பில் வைத்தார்கள். நமக்கு வெயில் இருந்தது, காய வைத்தோம். ஃபிரிஜ் வந்த பிறகும் அந்தக் கொழுப்பு மட்டும் சட்டியை விட்டுப் போகவில்லை. பனியில் காட்டு வேலை செய்தவர்களுக்கு அது தேவைப்பட்டது. ஆபீஸ் நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு?

என் பெண் குடியிருக்கும் வீட்டுக்காரப் பாட்டிக்கும் இருதயக் கோளாறு உண்டாம். அந்த அம்மாள் கசூலேயை விட்டுவிடவில்லை. கறியைப் பாதியாக்கி, கொட்டையை இரண்டு பங்காக்கினாராம். வாத்துத் துண்டைச் சுட வைத்துக் கொழுப்பை வடிய விட்டுவிடுவாராம். குழம்பை முதல் நாளே வைத்து, ராத்திரி குளிரில் வைத்து, காலையில் மேலே உறைந்திருக்கும் கொழுப்பை வழித்து எறிந்துவிடுவாராம். வீட்டில் எல்லோருக்கும் அந்த ஒரே சட்டிதான்.

இதற்கெல்லாம் அந்த நாட்டில் ஒரு பெரிய சமையல்காரரே வழி போட்டு வைத்திருக்கிறார். மிஷேல் கெரார் என்று பெயர். 1974-ல் அவர் தென்மேற்குப் பிரான்ஸில் யூஜெனி-லெ-பேன் என்ற சிறிய ஊருக்குக் குடிபோனார். அது மருத்துவக் குணமுள்ள ஊற்றுத் தண்ணீருக்குப் பெயர் போன ஊர். மனைவி வீட்டாருக்கு அங்கே ஸ்நான விடுதி இருந்தது. உடம்பு இளைக்க வருகிறவர்களுக்கு அதுவரை கிடைத்தது சப்பென்ற பத்தியச் சாப்பாடு. வெண்ணெயும் கிரீமும் ஊற்றிக் கெட்டியாக்குகிற பிரெஞ்சுக் குழம்புகளை, வெந்த காய்கறியை அரைத்து விட்டுக் கெட்டியாக்கிக் காட்டினார் இவர். 1976-ல் இந்த இளைத்த சமையலைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் பல நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. 2024-ல்தான் காலமானார்.

பெண் சொல்லச் சொல்ல எனக்கு மொச்சைக் கொட்டை ஞாபகம் வந்தது. கொட்டையும் கறியும் ஒரே சட்டியில் வேகிற குழம்பு நமக்கென்ன புதிதா? மொச்சை போட்ட கறிக்குழம்பு நம் ஊரில் இருந்ததுதானே!

ஆனால் அத்தையின் சம்மதம் இல்லாமல் எங்கள் அடுக்களையில் ஒரு கடுகு கூட வெடிக்காது. எண்பது வயசு. இன்றைக்கும் குழம்பை ருசி பார்க்காமல் இறக்க விட மாட்டார்கள். நான் தேங்காயைக் குறைக்கப் போகிறேன் என்றதும் முகம் சுருங்கிப் போயிற்று. "ஏனுங்க அம்மிணி, தோப்பு நிறையத் தென்னை வெச்சுக்கிட்டு, கொழம்புக்குத் தேங்காய் இல்லைன்னா ஊரு சிரிக்காதா?"

அத்தைக்குக் கணக்கு என்றால் பிடிக்கும். பால் கணக்கிலிருந்து காய் வெட்டுக் கூலி வரை விரல் நுனியில் வைத்திருப்பவர்கள். அதனால் பேச்சை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டுக் காட்டினேன். நீங்களும் பாருங்கள்.

ஆறு பேருக்கு நாங்கள் வைக்கும் பழைய குழம்பில் ஒரு கிலோ கறி, நூறு மில்லி கடலை எண்ணெய், ஒரு முழுத் தேங்காய். எண்ணெயில் கொழுப்பு தொண்ணூறு கிராமுக்கு மேல். தேங்காயில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. கால் கிலோ பருப்பு தேறுகிற தேங்காய் என்றால் அதில் எண்பது கிராமுக்கு மேல். இரண்டும் சேர்த்து ஏறக்குறைய 175 கிராம். ஆளுக்கு 29 கிராம்! கறியில் இருக்கும் கொழுப்பை இதில் நான் சேர்க்கவே இல்லை. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி. ஆக, ஒரு துண்டு கறி வாயில் வைப்பதற்கு முன்பே ஆளுக்கு 260 கலோரி உள்ளே போய்விடுகிறது.

அதிலும் தேங்காய்க் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு, குளிர்ந்தால் உறைகிற ஜாதி. நிறைவுற்ற கொழுப்பு என்பார்கள். ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவது இதுதான். கடலை எண்ணெயில் அந்த ஜாதி ஐந்தில் ஒரு பங்குதான். ஒரு நாளைக்கு நாம் சாப்பிடும் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஜாதியிலிருந்து வரக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 22 கிராம். பழைய குழம்பில் தேங்காய் மட்டுமே ஆளுக்குப் பன்னிரண்டு கிராம் கொடுத்துவிடுகிறது. பாக்கி சாப்பாடு, காலைச் சட்னி, பால், மோர் எல்லாம் மீதிப் பத்துக்குள் அடங்குமா? தேங்காய் விஷமில்லை. எங்களுக்குச் சோறு போடுகிற மரம் அது, குறை சொல்வேனா? ஆனால் அடைப்பு எடுத்த நெஞ்சுக்கு அளவு வேண்டும்.

கணக்கைக் கேட்டு அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவர்கள் வாயிலிருந்து வந்த சமாசாரம்தான் எனக்கே ஆச்சரியம்.

"எங்க காலத்துல தேங்காய் ஏது அம்மிணி? மேட்டாங்காடு. சோளம், கம்பு, கொள்ளு, நெலக்கடலை. வாய்க்கா தண்ணி வந்த பொறகுதானே தென்னை வெச்சாங்க! நாங்க பொடுசுகளா இருக்கையில தேங்காய் சந்தையில காசு குடுத்து வாங்கோணும். நோம்பி நொடின்னா ஒரு கூறு கறி எடுப்பாங்க. பத்து பேருக்கு அது எந்த மூலைக்கு? மொச்சைக் கொட்டையை அள்ளிப் போட்டுப் பெருக்குவோம். களியுருண்டையும் அந்தக் கொழம்புந்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தை சொன்னதில் பொய்யில்லை. பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தில் திருமூர்த்தி அணை எழுந்தது 1960-களில். வாய்க்கால் தண்ணீரும், பிறகு ஆழ்குழாய்க் கிணறும் வந்த பின்னர்தான் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்தில் சோளக்காடுகள் இருந்த இடமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தென்னந்தோப்பு ஆயின. தோப்பு பெருகப் பெருக அம்மியில் தேங்காயும் பெருகியிருக்கிறது. நோம்பிக்கு நோம்பி எடுத்த கறி, ஞாயிறுக்கு ஞாயிறு ஆகியிருக்கிறது. காட்டு வேலையும் கவலை ஓட்டுவதும் போய், நடையும் குறைந்துவிட்டது. நாம் பாரம்பரியம் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிடுகிற குழம்பு, அத்தை சின்ன வயசில் சாப்பிட்ட குழம்பே அல்ல!

கசூலே கதையும் இப்படித்தான். நூறாண்டுப் போர்க் காலத்தில் முற்றுகையில் சிக்கிய கஸ்தெல்நோதாரி ஜனங்கள், கையிலிருந்ததையெல்லாம் ஒரே சட்டியில் கொட்டிச் சமைத்ததாக அங்கே கதை சொல்வார்களாம். ஆனால் இன்றைக்கு அதில் போடும் வெள்ளை பீன்ஸ் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. கொலம்பஸ் போய் வந்த பிறகுதான் ஐரோப்பாவுக்கே வந்தது. நம் குழம்பில் மட்டும் என்ன? மிளகாய், நிலக்கடலை, தக்காளி மூன்றும் அதே கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவைதானே! சட்டிக்குள் காலத்துக்குக் காலம் புதியது வந்திருக்கிறது. இப்போது தேவைக்குக் கொஞ்சம் வெளியே போனால் ஆகாதா?

அத்தை தலையாட்டிவிட்டார்கள். "மொச்சை போட்டா நானே பக்கத்துல இருந்து சொல்றேன்" என்று வேறு சொன்னார்கள். அப்புறம் என்ன, சனிக்கிழமை சாயங்காலமே வேலை ஆரம்பம்.

ஆறு பேருக்கு அளவு சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். எலும்போடு தொடைக்கறி அரைக் கிலோ. கடைக்காரரிடம் சொல்லி வெள்ளைக் கொழுப்பை அங்கேயே நீக்கி வாங்குங்கள். காய்ந்த மொச்சைக் கொட்டை 200 கிராம். சின்ன வெங்காயம் கால் கிலோ. தக்காளி இரண்டு. பூண்டு பத்துப் பல், ஒரு துண்டு இஞ்சி. வறுத்து அரைக்க மல்லி விதை மூன்று மேசைக்கரண்டி, வரமிளகாய் ஆறு, மிளகு, சீரகம் ஒவ்வொரு தேக்கரண்டி, சோம்பு அரைத் தேக்கரண்டி, ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு, கைப்பிடி கறிவேப்பிலை. கடலை எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. தேங்காய்த் துருவல் இரண்டு மேசைக்கரண்டி. தேங்காயை முழுக்க நிறுத்த வேண்டியதில்லை, அந்த வாசனைக்கு இது போதும்.

சனி சாயங்காலம் கறியை மஞ்சள் தூள், ஐந்தாறு சின்ன வெங்காயம், மூழ்கும் அளவு தண்ணீர் சேர்த்துச் சிறு தீயில் மெத்தென்று வேக விடுங்கள். குக்கரில் வைத்தாலும் தீ சிறியதாகவே இருக்கட்டும். ஆறியதும் சாறோடு பாத்திரத்தை மூடி ஃபிரிஜ்ஜில் வையுங்கள். மொச்சையை ராத்திரி தண்ணீரில் ஊறப் போடுங்கள்.

காலையில் பாத்திரத்தைத் திறந்தால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். மேலே வெள்ளையாய், மெழுகு மாதிரி ஒரு தட்டு உறைந்திருக்கும். அதுதான் கொழுப்பு. முதல் தடவை எனக்கு இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் வந்தது. அதைப் பார்த்த என் பையன், "இத்தனையுமா நாம தின்னுட்டிருந்தோம்!" என்று வாயைப் பிளந்தான். கரண்டியால் வழித்து எறிந்துவிடுங்கள். அதற்குக் கீழே சாறு, பாகு மாதிரி கலகலவென்று ஆடிக்கொண்டிருந்தால் பயப்படாதீர்கள். அது கொழுப்பு அல்ல. எலும்பு, ஜவ்விலிருந்து இறங்கிய சத்து. குழம்பு நாக்கில் வழவழவென்று கெட்டியாய் நிற்பது பெரும்பாலும் இதனால்தான். அதை ஒரு சொட்டுக்கூட வீணாக்கக் கூடாது.

மொச்சை ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் நன்றாக வேக வையுங்கள். வயிற்றுப் பொருமல் குறையும். விரலால் அழுத்தினால் மசிய வேண்டும். அரைவேக்காடு கூடவே கூடாது. வெந்ததில் இரண்டு கரண்டி தனியே எடுத்து வையுங்கள்.

மல்லி முதலான சாமான்களை எண்ணெய் விடாமல் வெறும் இரும்புச் சட்டியில் சிறு தீயில் வறுக்க வேண்டும். அவசரம் கூடாது. மல்லி கருகினால் கசக்கும். வாசனை தெரு முனைக்குப் போக வேண்டும், நிறம் காய்ந்த பனைஓலை நிறத்தை விட்டுக் கொஞ்சம் சிவக்க வேண்டும், அதுதான் பதம். அதே சட்டியில் பாதி வெங்காயத்தை எண்ணெயில்லாமல் அங்கங்கே கறுக்கும்படி வாட்டிக்கொள்ளுங்கள். வாட்டின வெங்காயத்தின் இனிப்பு, தேங்காயின் இனிப்பைக் கொஞ்சம் ஈடு கட்டிவிடும். வறுத்தது, வாட்டினது, தேங்காய்த் துருவல், தனியே எடுத்து வைத்த மொச்சை எல்லாவற்றையும் சேர்த்து நைஸாக அரையுங்கள். மொச்சைதான் குழம்பைக் கெட்டியாக்குகிறது. அந்தப் பிரெஞ்சுக்காரர் காய்கறியை அரைத்து விட்டாரே, அதே வேலை!

இப்போது மண்சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். எண்ணெயே இல்லாமல் வைக்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். மசாலாவின் வாசனையில் பெரும்பகுதி எண்ணெயில்தான் கரைந்து இறங்கும். அடியோடு நிறுத்தினால் குழம்பு தண்ணீராய்த்தான் இருக்கும். மீதி வெங்காயத்தைப் போட்டுத் துளி உப்பு தூவி மூடி வையுங்கள். தன் தண்ணீரிலேயே வதங்கும். அடி பிடிக்கிற மாதிரி தெரிந்தால் ஒரு கை தண்ணீர் தெளித்துச் சுரண்டி விடுங்கள். இன்னும் எண்ணெய் வேண்டாம். இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, அரைத்த மசாலா, அப்புறம் வெந்த கறி, சாறு, மொச்சை. உப்பைக் கடைசியில் போடுங்கள். முதலில் போட்டால் சுண்டச் சுண்டக் கரித்துவிடும், அளவும் தெரியாது. ஒரு நாளைக்கு ஒருவருக்கு எல்லாச் சாப்பாட்டிலுமாகச் சேர்த்து ஒரு தேக்கரண்டி உப்புக்குள் இருக்க வேண்டும். கால் மணி நேரம் சிறு தீயில் கொதிக்க விட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு இறக்கிவிடுங்கள்.

கணக்குப் பாருங்கள். சேர்த்த எண்ணெயும் தேங்காயும் சேர்ந்து கொழுப்பு முப்பது கிராம் சுமார். ஆளுக்கு ஐந்து கிராம். முன்பு இருபத்தொன்பது!

முதல் ஞாயிறு அத்தைதான் முதலில் ருசி பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார்கள். "மேல எண்ணெய் மெதக்கலைதான். ஆனா இது எங்கம்மா வெச்ச கொழம்பு மாதரயே இருக்குது" என்றார்கள். என் வீட்டுக்காரர் கிண்ணத்தோடு ஆசாரத்துப் பக்கம் போகவில்லை. எங்களோடு உட்கார்ந்து, இரண்டு துண்டு கறியும் நிறைய மொச்சையுமாக, ராகிக் களியோடு சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டுப் பழையபடி தோப்புக் கதையெல்லாம் பேசினார். நான் பரிமாறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் குழம்பு எங்கள் வீட்டில் மாசத்துக்கு இரண்டே ஞாயிறுதான். மற்ற ஞாயிறுகளில் இதே மசாலாவில் மொச்சையும் கத்தரிக்காயும் மட்டும். சைவம் சாப்பிடுகிற சகோதரிகள் அப்படியே செய்யலாம். கறிச்சாறுக்குப் பதில் மொச்சை வெந்த தண்ணீர். அந்தக் குழம்புக்கும் எங்கள் வீட்டில் சட்டி காலியாகிவிடுகிறது.

பிறகு நடந்த பரிசோதனையில் அவருக்கும் பையனுக்கும் கொலஸ்ட்ரால் இறங்கியிருந்தது. அந்தப் பெருமையைக் குழம்புக்கு மட்டும் வாங்கித் தர மாட்டேன். அவர் மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறார். அப்பாவும் மகனும் தினம் காலையில் முக்கால் மணி நேரம் நடக்கிறார்கள். குழம்பு இளைத்துவிட்டது என்று மாத்திரையை யாரும் நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் மொச்சை, பயறு, கறி எதுவானாலும் எவ்வளவு என்று டாக்டரைக் கேட்டுக்கொண்டு போடுங்கள். உப்புக்குப் பதிலாக விற்கிற பொட்டாசியம் உப்பும் அவர்களுக்கு டாக்டர் சொல்லாமல் ஆகாது.

மறு நாள் காலை மிச்சக் குழம்பு இருந்தால் அதைச் சுண்ட வைக்கும்போது எண்ணெய் விட்டுத் தாளிக்காதீர்கள். ஒரு கை தண்ணீர் விட்டுச் சூடு பண்ணினாலே தோசைக்குப் பிரமாதமாக இருக்கும். எங்கள் வீட்டில் அது மிச்சமாவதுதான் இப்போதெல்லாம் சந்தேகம்!